ஜூனிபர் போன்சாய்: புதிதாக வடிவமைப்போர் எங்கே நிறுத்த வேண்டும்?

ஜூனிபர் மரத்தின் வேர்கள் இறந்த பிறகும் அதன் இலைகள் சில வாரங்கள் பச்சையாகவே காணப்படும். போன்சாய் வளர்ப்பில் புதிதாக ஈடுபடுவோர் இந்த மரத்தை இழப்பதற்கு இத்தன்மையும் ஒரு முக்கியக் காரணம். இலைகள் பழுப்பேறிய பிறகு நீர் ஊற்றினாலும் உரமிட்டாலும் பயனில்லை. எனவே, முதன்முறையாக ஜூனிபரை வடிவமைப்பவர் எங்கே நிறுத்துவது என்பதை முதலில் கற்பது அவசியம்.

மலையில் பிறந்த மரம்

இமயமலையில் பல ஜூனிபர் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. லடாக்கில் 'ஷுக்பா' என அழைக்கப்படும் இம்மரத்தின் இலைகளைப் பௌத்தர்கள் வழிபாட்டில் தூபமாக எரிக்கின்றனர். போன்சாய்க்குப் பரவலாகப் பயன்படுவது சீன ஜூனிபர். ஜப்பானில் பெரிதும் போற்றப்படும் 'ஷிம்பாகு' இதன் ஒரு வகையே.

வெயிலும் காற்றோட்டமும் இன்றி இம்மரம் வாழாது. வரவேற்பறை மேசையில் நிரந்தரமாக வைத்தால் மெல்ல நலிந்து இறந்துவிடும். அதே வேளையில், டெல்லி போன்ற வட இந்திய நகரங்களின் கோடையில் பிற்பகல் வெயிலிலிருந்து நிழல்வலை கொண்டு காக்க வேண்டும். வடிவமைப்புப் பணிக்குக் கடுங்கோடையைத் தவிர்த்துக் குளிர்ந்த மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எவ்வளவு வெட்டலாம்?

நர்சரியில் வாங்கிய செடியின் மேல்மண்ணைச் சற்று விலக்கினால், தண்டு வேருடன் சேரும் இடம் தெரியும். அந்த இடமும் தண்டின் வளைவும் எந்தப் பக்கத்திலிருந்து அழகாகத் தெரிகின்றனவோ, அதையே முன்புறமாகக் கொள்ளலாம். பிறகு காய்ந்த குச்சிகளையும், கிளைகளுக்கு அடியில் தொங்கும் நலிந்த துளிர்களையும் நீக்க வேண்டும்.

ஒரே முறையில் மொத்தப் பசுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகற்றாமல் இருப்பது பாதுகாப்பானது. ஜூனிபர் தன் ஆற்றலின் பெரும்பகுதியை இலைகளிலேயே சேமித்து வைக்கிறது. மேலும், பச்சை முழுவதும் நீக்கப்பட்ட பழைய கிளை பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஆகவே, நீண்ட கிளையைக் குறைக்கும்போது, உட்புறத்தில் உள்ள ஒரு பச்சைத் துளிர் வரை மட்டுமே வெட்ட வேண்டும்.

தேவையற்ற கிளையை அடியோடு வெட்டாமல், பட்டையை உரித்து வெண்ணிறக் கட்டையாக விட்டுவைக்கும் முறையும் உண்டு. 'ஜின்' எனப்படும் இது, மலையில் காற்றும் பனியும் தாக்கிய முதுமரத்தின் தோற்றத்தைத் தருகிறது.

கம்பியும் தொட்டியும்

தொடக்க நிலையினருக்கு அலுமினியக் கம்பி ஏற்றது. கிளையின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருமன் கொண்ட கம்பியை 45 டிகிரி சாய்வில் சுற்ற வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி அமைந்தால் கிளை பிளவுபடும் அபாயம் குறையும். முறியும் ஒலி கேட்டவுடன் வளைப்பதை நிறுத்திவிட வேண்டும்.

கிளை பருக்கும்போது கம்பி பட்டைக்குள் பதிந்து வடு உண்டாக்கும் என்பதால் அவ்வப்போது சோதிப்பது அவசியம். அகற்றும்போது சுற்றைப் பிரிக்காமல், துண்டு துண்டாக நறுக்கி எடுத்தால் கிளைக்குச் சேதம் நேராது.

வடிவமைத்த அன்றே போன்சாய் தொட்டிக்கு மாற்றுவது பலரும் செய்யும் பிழை. இலை, கிளை, வேர் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டால் மரம் மீள்வது கடினம். தொட்டி மாற்றத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம். அதுவரை, மேல்மண் சற்று உலர்ந்ததை விரலால் தொட்டு உறுதிசெய்த பிறகே நீர் ஊற்ற வேண்டும்.

பழைய இலைகளின் பச்சை நிறத்தை மட்டும் வைத்து மரம் நலமாக உள்ளது என முடிவு செய்ய இயலாது. கிளை நுனிகளில் இளம்பச்சைத் துளிர்கள் செழித்து நீளத் தொடங்கிய பிறகே அடுத்த வெட்டுக்குக் கத்தரியை எடுக்க வேண்டும்.