கல்யாண ஆல்பம் இருக்கு... கரன்ட் பில்லில் உங்க பேர் இருக்கா?

முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு என்று ஆயிரம் போட்டோக்களோடு கல்யாண ஆல்பம் பீரோவில் பத்திரமாக இருக்கும். ஆனால், பிரிட்டனில் இரண்டரை வருடம் குடித்தனம் நடத்திய பிறகு, `நீங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் சேர்ந்து வாழ்கிறீர்களா?' என்று அந்நாட்டு உள்துறை கேட்கும்போது, ஆல்பம் மட்டும் பதிலாகாது. கரன்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். கணவர் பல வருடங்களாக அங்கே இருப்பவர். மனைவி போய் இறங்கும் முன்பே வாடகை ஒப்பந்தம், மின்சாரம், தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் அவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். `அதான் அவர் பார்த்துக்கிறாரே' என்று மனைவியும் விட்டுவிடுவார். சமைத்து, குழந்தை வளர்த்து, வேலைக்கும் போய்க் குடும்பத்தைத் தாங்குபவரின் பெயர், அந்த வீட்டுக்கு வரும் ஒரு கவரில்கூட இருக்காது.

எத்தனை முறை கேட்பார்கள்?

பிரிட்டன் குடிமகனையோ, அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவரையோ மணந்துகொண்டு, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்பவருக்கு முதலில் 2 வருடம் 9 மாதங்களுக்கு விசா தருகிறார்கள். அது முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் இன்னும் 2 வருடம் 6 மாதங்கள். இந்த வழியில் 5 வருடங்கள் நிறைவானதும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

முதல் விண்ணப்பத்தின்போது தம்பதி பெரும்பாலும் வேறு வேறு நாட்டில் இருப்பார்கள் என்பதால், உறவு உண்மையானதா, சேர்ந்து வாழும் எண்ணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போட்டோ, போன் அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், கணவர் ஊருக்கு வந்துபோன விமான டிக்கெட் எல்லாம் அப்போது கைகொடுக்கும். நீட்டிப்பிலும் நிரந்தர வசிப்புரிமையிலும் கேள்வி மாறிவிடுகிறது: `சேர்ந்து வாழ்ந்தீர்களா?' வருமானம், ஆங்கிலத் தேர்வு இரண்டிலும் தேறியவர்கள்கூடத் திணறுவது இந்த இடத்தில்தான்.

பில்லுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

நம் ஊரில் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துவிட்டால், இன்னார் இந்த வீட்டில் இருக்கிறார் என்பதற்கு அதுவே ஆதாரம். பிரிட்டனில் ரேஷன் கார்டும் கிடையாது, ஆதார் போல எல்லோருக்குமான அடையாள அட்டையும் கிடையாது. வாசலில் விழும் தபால்தான் அங்கே முகவரிச் சான்று. எந்த நிறுவனம், எந்தத் தேதியில், யார் பெயருக்கு அனுப்பியது என்பதை வைத்துத்தான் அதிகாரி முடிவெடுப்பார்.

6 கடிதம், 3 இடம், 2 வருடம்

நீட்டிப்பு விண்ணப்பங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு இது. இருவர் பெயரும் சேர்ந்து அச்சான கடிதங்கள் 6 வேண்டும். அவை குறைந்தது 3 வேறு வேறு இடங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். கடைசி மாதத்தில் அவசரமாகத் திரட்டியதாக இல்லாமல், 2 வருடங்களிலும் பரவலாகத் தேதியிட்டிருக்க வேண்டும். இருவர் பெயரும் சேர்ந்த கடிதம் இல்லையா? ஒரே முகவரிக்குக் கணவர் பெயரில் 6, மனைவி பெயரில் 6 என்று தனித்தனியாகத் தரலாம்.

வங்கிக் கணக்கு அறிக்கை, கவுன்சில் வரி பில், மின்சாரம், காஸ், தண்ணீர் பில்கள், வாடகை அல்லது வீட்டுக்கடன் ஒப்பந்தம், போன் பில், அரசுத் துறைகளின் கடிதங்கள், டாக்டரிடமிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வந்த கடிதம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஒரே வங்கியின் 6 அறிக்கைகளை மட்டும் கொடுத்தால் இடம் ஒன்றுதான் ஆகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கே தொடங்குவது?

வங்கியில் கணக்கு தொடங்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரிச் சான்றுக்கு எங்கே போவது? வங்கிக் கடிதம் கொடுங்கள் என்பார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி, வீட்டுக்கு அருகிலுள்ள ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்வது. இங்கிலாந்தில் இதற்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை. பதிவு செய்த பின் மருத்துவ அழைப்புகளும் கடிதங்களும் மனைவி பெயரிலேயே வரத் தொடங்கும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. இந்தியா, இலங்கை, மலேசியா ஆகியவை காமன்வெல்த் நாடுகள் என்பதால், முறையான விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் அந்நாட்டுக் குடிமக்கள் அங்கே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவை உறுதிசெய்யும் கடிதம் உங்கள் பெயரிலேயே வீடு தேடி வரும்.

மூன்றாவது, கவுன்சில் வரி. நம் ஊர் வீட்டு வரி போன்றது. சேர்ந்து வாழும் கணவன், மனைவி இருவருமே இதற்குப் பொறுப்பு என்பதால், உள்ளூர் கவுன்சிலுக்குத் தெரிவித்தால் மனைவி பெயரையும் பில்லில் சேர்த்துவிடுவார்கள். இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் இந்த வரியில் 25 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. தனியாக இருந்தபோது வாங்கிய தள்ளுபடியை, மனைவி வந்த பிறகும் ரத்துசெய்ய மறந்துவிடும் கணவர்கள் இருக்கிறார்கள். அப்போது `இந்த வீட்டில் நான் ஒருவன்தான்' என்று அவரே சொல்வதாக ஆகிவிடும். சேர்ந்து வாழ்கிறோம் என்று சொல்லும் விண்ணப்பத்துக்கு எதிராக, வரி பில்லே சாட்சியாகிவிடும். பாக்கியும் கட்ட வேண்டி வரும்.

இனிஷியலில் இருக்கிறது வம்பு

நம் பெயர் வழக்கம் அங்கே பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், வங்கியில் கணவர் பெயர், டாக்டரிடம் வெறும் இனிஷியல் என்று இருந்தால், ஒரே பெண் மூன்று பேராகத் தெரிவார். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துகளில், அதே வரிசையில் எல்லா இடத்திலும் கொடுப்பதுதான் நல்லது. திருமணச் சான்றிதழுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் 2009-ம் வருடச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பதிவு செய்யும்போதே எழுத்துகளைச் சரிபார்த்துவிடுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் ஆவணங்களுக்கு, மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதியோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

மாமனார் வீட்டில் இருந்தால்?

கூட்டுக்குடும்பமாக இருப்பவர்களுக்கு எல்லா பில்லும் மாமனார், மாமியார் பெயரில் வரும். அது குற்றமில்லை. மகனும் மருமகளும் எப்போதிலிருந்து தங்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று வீட்டு உரிமையாளர் என்ற முறையில் அவர்கள் கடிதம் தரலாம். கூடவே வங்கி, டாக்டர், வேலை தொடர்பான தபால்கள் இருவர் பெயரிலும் அந்த முகவரிக்கு வரட்டும். வேலை காரணமாக ஒருவர் வேறு ஊரில் தங்கியிருந்தால் அதை மறைக்காமல், காரணத்தை ஆதாரத்தோடு விளக்குவதே சரி. போலி பில் தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். மோசடி என்று தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, 10 வருடங்கள் வரை அந்நாட்டுக்குள் நுழையத் தடையும் வரலாம்.

மற்ற நாடுகளில்?

ஆஸ்திரேலியாவில் உறவை நான்கு கோணங்களில் பார்க்கிறார்கள்: பணம், வீட்டு வாழ்க்கை, சமூகத்தில் தம்பதியாக அறியப்படுவது, ஒருவருக்கொருவர் காட்டும் உறுதி. வீட்டு வேலைகளை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்பதுகூட அங்கே கணக்கில் வரும்! கனடாவில் 2012-ல், புதிதாக மணந்து வருபவர்களில் ஒரு பகுதியினர் 2 வருடங்கள் சேர்ந்து வாழ்ந்தால்தான் வசிப்புரிமை நிலைக்கும் என்று விதி கொண்டுவந்தார்கள். அடித்தாலும் உதைத்தாலும் வெளியேற முடியாமல் பெண்கள் மாட்டிக்கொள்ள அது வழிவகுக்கிறது என்ற எதிர்ப்பு எழுந்தது. 2017-ல் விதி நீக்கப்பட்டது.

பில் மட்டுமல்ல, பிடிமானம்

கனடாவின் அந்த அனுபவம் சொல்வதை எல்லோரும் யோசிக்க வேண்டும். மனைவியின் விசா கணவரை நம்பி இருக்கும்போது, `நான் கையெழுத்து போடலைன்னா நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்' என்பது சிலர் கையில் ஆயுதமாகிவிடுகிறது. பாஸ்போர்ட்டும் ஆவணங்களும் அவரிடமே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிரிட்டனில் இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை உள்ளவரின் துணைக்கான விசாவில் இருப்பவர், குடும்ப வன்முறையால் மணவாழ்க்கை முறிந்தால், 5 வருடம் காத்திருக்காமல் தனியாகவே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தயாராகும்வரை அரசின் உதவித்தொகை பெற வழிசெய்யும் 3 மாத அனுமதியும் உண்டு. தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247. 24 மணி நேரமும் இலவசம். ஆபத்து என்றால் 999. சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டும் அதே காகிதங்கள் இந்த விண்ணப்பத்திலும் உதவும்.

முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியவை

* ஜி.பி. பதிவு, வாக்காளர் பதிவு, கவுன்சில் வரியில் பெயர் சேர்ப்பு.

* கரன்ட், காஸ், தண்ணீர் பில்களில் ஏதாவது இரண்டில் இரண்டாவது பெயராகச் சேர்வது. பெரும்பாலும் ஒரு போன் கால் போதும்.

* வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மனைவி பெயரையும் எழுதச் சொல்வது.

* கூட்டு வங்கிக் கணக்கோடு, மனைவிக்குத் தனிக் கணக்கும் தொடங்குவது.

* பில் ஆப்பில் மட்டும் வந்தால், மாதாமாதம் பி.டி.எஃப் ஆகச் சேமிப்பது.

* எல்லாவற்றின் நகலையும் மனைவியின் சொந்த இமெயிலில் வைப்பது. ஒரு பிரதி ஊரில் அம்மாவிடமும் இருக்கட்டும்.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் முன் அரசு இணையதளத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் பதிவுபெற்ற ஆலோசகரிடம் மட்டும் கேளுங்கள்.

மகளுக்குச் சீர் கட்டும் பெற்றோர் நகை, பாத்திரம், புடவை எல்லாம் பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். அந்தப் பெட்டியில் ஒரு காலி ஃபைலையும் வையுங்கள். போன முதல் மாதத்திலிருந்தே, தன் பெயருக்கு வரும் ஒவ்வொரு கவரையும் அவள் அதில் போட்டு வைக்கட்டும்.