ஓடு ஒழுகினால் யாரிடம் சொல்வது?

காரைக்குடி அருகே கானாடுகாத்தானில் அரண்மனை போன்ற வீடுகள்! பர்மாத் தேக்குத் தூண்கள்; ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஆனால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர் காவல்காரர் மட்டுமே.

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகுகிறது. காவல்காரர் மூத்தவருக்குப் போன் செய்கிறார்.

"தம்பிகிட்டே சொல்லிடப்பா" என்கிறார் அவர்.

தம்பியோ, "அண்ணன் பார்த்துக்குவார்" என்கிறார்.

இப்படியே நாலு மழை போனால் தேக்கு உத்தரம் உளுத்துவிடும். பத்து ஓட்டோடு போக வேண்டிய செலவு எங்கேயோ போய் நிற்கும்!

பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஓட்டல்களிலும் இதற்கு ஒரு வழி உண்டு. பராமரிப்பு மென்பொருள் என்று பெயர். கம்ப்யூட்டரில் எழுதும் புகார்ப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒழுகும் இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால், புகாருக்கு ஒரு எண் விழும். வேலை எந்தக் கொத்தனாரிடம் போயிற்று, என்றைக்கு முடிந்தது, செலவு என்ன என்பதை எல்லாப் பங்காளிகளும் பார்க்கலாம். "எனக்குத் தெரியாதே!" என்று ஒருவரும் சொல்ல முடியாது.

நகரத்தாருக்கு இது புதிதா? 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடிக்கும் வரை, ரங்கூன் கடைக் கணக்கு தபாலில் ஊருக்கு வந்தது. இன்று ஊர் வீட்டுக் கணக்கு கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

செலவைப் பங்கு போடுவது மட்டும் பங்காளிகள் பாடு. மற்றபடி, "புரட்டாசியில் ஓடு பார்க்கவும்" என்று ஒரு முறை பதிந்து வைத்தால், வருஷா வருஷம் அதுவே ஞாபகப்படுத்தும்.