கூலி நாளும் குடும்ப நலமும்

ஒரு குடும்பத்தின் உடல்நலத்தில் மருத்துவமனைக்கு மட்டுமல்ல, வருமானம், குடிநீர், கழிப்பறை, தாயின் படிப்பு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. எடுத்துக்காட்டாக, உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் தினக்கூலித் தொழிலாளி அதைத் தள்ளிப்போடுகிறார். பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ வந்தபின் குடும்பமே கடனில் விழுகிறது. பிள்ளைகளின் படிப்பும் நின்றுபோகிறது.

இந்தத் தடையைக் குறைக்கவே தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள். நோயாளிகளுக்கு மாத்திரைகளும் கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரை மட்டும் போதாது. சத்தான உணவு, சுத்தமான குடிநீர், நியாயமான கூலி ஆகியவையும் நோய்த்தடுப்பின் பகுதிகளே.