ஆறுதலும் மருந்தே

புண் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. உடல் தேறுவதற்கும் உள்ளம் தேறுவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குகிறது. இதன் பொருத்தத்தை நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஓர் ஆராய்ச்சி காட்டுகிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலுள்ள மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், நோய் பிற உறுப்புகளுக்கும் பரவிய 151 பேரை இரு பிரிவாக்கினர். இரு சாராரும் வழக்கமான சிகிச்சை பெற்றனர். ஒரு சாராருக்கு மட்டும், நோய் கண்டறிந்த சில வாரங்களிலேயே துன்பந்தணிக்கும் மருத்துவர், தாதியர் துணையும் கிடைத்தது. மாதந்தோறும் அவர்கள் நோயாளரைக் கண்டு வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்தனர். உள்ளக் கவலைகளைக் கேட்டறிந்தனர்.

முடிவு 2010-இல் வெளியாயிற்று. பன்னிரண்டு வாரங்களுக்குப்பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் மனச்சோர்வுற்றோர் நூற்றுக்கு 38 பேர். துணையும் பெற்றோருள் 16 பேரே. அன்றைய சிகிச்சை நிலையில், முன்னவரின் இடைநிலை வாழ்நாள் 8.9 மாதம், பின்னவருக்கோ 11.6 மாதம்.

ஆகவே இத்துணை, கைவிடப்பட்டோர் கடைசியில் நாடுவதன்று; சிகிச்சையின் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறவேண்டியது. நோயாளருக்குத் தெரியலாகாதென வீட்டார் மூடிமறைத்தால், அவர் தம் அச்சத்தோடு தனித்து நிற்க நேரும். வலியையும் அச்சத்தையும் நோயாளர் ஒளியாது கூறுக. உற்றார் உடன்சென்று கேட்க. வாய்விட்டுச் சொன்ன துயரமே ஆறும்.