இரு செவிக்கு இரு ஒலிபெருக்கி

வீட்டுக் கூடத்தில் ஓர் ஒலிபெருக்கி தொலைக்காட்சியின் அருகில் இருக்கும்; மற்றொன்று, இடமில்லை என்பதால், அலமாரியின் உச்சியில் ஏறியிருக்கும். பாட்டு நன்றாகக் கேட்கும். ஆயினும் ஸ்டீரியோ கேட்காது.

ஸ்டீரியோ என்பது உரத்த ஒலி அன்று. ஒலி எழும் இடத்தை உணர்த்தும் ஒலி. மனிதரின் இரு செவிகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தொலைவு உண்டு. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே இடப்புறம் எழும் ஓசை, இடச்செவியை அடைந்தபின் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வலச்செவியை அடைகிறது. இச்சிறு தாமதத்தையும் ஒலியின் வலிமை வேறுபாட்டையும் கொண்டே மூளை திசையை அறிகிறது. ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் காப்புரிமை கோரிய இரட்டைத்தட ஒலிமுறையும் செவியின் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டது.

எனவே இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைதல் வேண்டும். ஒலிபெருக்கிகள் அமர்ந்திருப்பவரின் செவி உயரத்தில் இருத்தல் நலம். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி தேவைக்கு மேல் முழங்கும்.

பலரும் அறியாமல் செய்யும் பிழை கம்பி இணைப்பில் நேர்வது. ஒலிபெருக்கியின் சிவப்பு முனை ஆம்ப்ளிபயரின் சிவப்பு முனையோடும், கறுப்பு முனை கறுப்பு முனையோடும் சேர வேண்டும். ஒன்றில் மட்டும் கம்பி மாறினால், ஓர் ஒலிபெருக்கி காற்றை முன்தள்ளும் அதே கணத்தில் மற்றது உள்ளிழுக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. கருவி பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்வோரும் உண்டு! மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரே ஒலிபெருக்கியின் கம்பிகளை மட்டும் மாற்றி இணைத்துக் கேட்டால் உண்மை விளங்கும். தாழ்ந்த ஒலி எப்போது நிறைந்து கேட்கிறதோ அதுவே சரியான இணைப்பு.

ஓம் கணக்கும் இன்றியமையாதது. 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டை ஒரே முனையில் பக்க இணைப்பாகச் சேர்த்தால் மின்தடை 4 ஓம் ஆகக் குறையும். 8 ஓமுக்கெனவே செய்யப்பட்ட ஆம்ப்ளிபயர் அப்போது சூடேறிக் கெடலாம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். உதிரிப்பாகம் அக்கப்பலில் வரும் வரை வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

தீவு வாழ்வுக்கே உரிய இடர்களும் உண்டு. கடற்காற்றின் உப்பால் செம்புக் கம்பியின் முனையில் களிம்பு ஏறும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் முனையை வெட்டிப் புதிதாகச் சீவி இணைக்க வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது, பாட்டுக் கேட்கவில்லை என்று வால்யூமை முழுதும் ஏற்றுவது பலரின் வழக்கம். ஆம்ப்ளிபயர் தன் ஆற்றலைக் கடந்தால் ஒலி சிதையும். ட்வீட்டர் என்னும் சிறிய ஒலிபெருக்கி எரிந்துபோகும். மழை ஓயும் வரை காத்திருப்பதே சிக்கனம்.

எல்லாம் சரியாக அமைந்த பின்னும் தாத்தா விரும்பும் பழைய பாடல் நடுவிலிருந்து மட்டுமே கேட்கலாம். அது இணைப்பின் பிழை அன்று. அக்காலத் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. 1978-இல் வெளிவந்த ‘பிரியா’ படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அவற்றுள் ஒன்றை ஒலிக்கச் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, இசைக்கருவிகள் எப்பக்கம் உள்ளன எனச் சுட்டிப் பார்க்கலாம்.