கட்டின பல்லிலும் கிருமி குடியேறும்

சென்னை பட்டினப்பாக்கத்துக்குக் கண்டுணர்வுப் பயணம் போனபோது, சீனிவாசபுரத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவரைச் சந்தித்தோம். குழுவில் உள்கடன் எடுத்து, தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டியிருக்கிறார். தவணை இன்னும் முடியவில்லை, அதற்குள் அந்தப் பல்லைச் சுற்றி ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம். "உலோகம்தானே, சொத்தை விழாது. பிரஷ் போட்டா ஆடிடும்னு அந்த இடத்தை விட்டுட்டேன்மா" என்றார்.

சொத்தை விழாது, உண்மைதான். ஆனால் கிருமிக்கு ஒட்ட ஓர் இடம் கிடைத்தால் போதும். சுவீடன் மருத்துவர் பிரோனெமார்க், டைட்டானியம் உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதைக் கண்டறிந்து, 1965-ல் முதன்முதலாக ஒருவருக்கு இப்படித் திருகு வைத்தார். எலும்பு ஒட்டுகிறது, ஈறு அந்த அளவுக்கு ஒட்டாது. சொந்தப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் ஊன்றிப் பிடித்திருக்கும். திருகிலோ சுற்றி அணைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அதனால் கிருமி சுலபமாக உள்ளே இறங்கிவிடுகிறது.

தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் வழுவழு என்று பாசி பிடிக்குமே, கிருமியும் அப்படித்தான் படலமாகப் படிகிறது. தண்ணீரை ஆட்டி ஊற்றினால் பாசி போகுமா? தேய்க்கணும். வாய் கொப்பளிப்பதோ, கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையோ இந்தப் படலத்தை எடுத்துவிடாது.

ஈறு மட்டும் வீங்கி ரத்தம் வரும் நிலையில் பல் டாக்டர் சுத்தம் செய்து, நாமும் தினம் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது, கடைசியில் திருகே ஆடும். வலியும் பெரிசாக இருக்காது என்பதுதான் மோசம். ரத்தமோ சீழோ வந்தால், வலிக்காகக் காத்திருக்காதீர்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ஆபத்து அதிகம். மற்ற பற்களின் ஈறு நோயை முதலில் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். அங்கிருக்கும் கிருமிதான் புதுப் பல்லுக்கும் வருகிறது. மிருதுவான பிரஷால் இரண்டு வேளை, ஈறு ஓரத்தில் தேயுங்கள். சாம்பல், செங்கல் பொடி கூடவே கூடாது.

பல் கட்ட யாராவது கடன் கேட்டால், பிற்பாடு சுத்தம் செய்ய எத்தனை தடவை போகணும், அதற்கு என்ன செலவு என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த அக்காவை, கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவமனையில் காட்டச் சொன்னோம். "திங்கக்கிழமை வியாபாரத்த விட்டுட்டுப் போறேன்" என்றிருக்கிறார்.