கையடக்கத் தொலைபேசி விற்பனை வேலை: சேர்வதற்கு முன் சம்பளத்தை விளங்கிக்கொள்ளுங்கள்

கல்முனை பஸாரிலும் சாய்ந்தமருது, மருதமுனை பிரதான வீதியிலும் கையடக்கத் தொலைபேசி, கணினி, சிசிடிவி கமெரா விற்கும் கடைகள் இருக்கின்றன. சிம், ரீலோட், இணைய இணைப்பு விற்கும் பிரதிநிதிகளும் தேவைப்படுகிறார்கள். பட்டம் இல்லாமலே தொடங்கக்கூடிய வேலை இது. ஆனால் வாயால் சொல்லப்படும் சம்பளமும் மாத முடிவில் கைக்கு வரும் பணமும் ஒன்றல்ல. ஊர் திரும்பி வீட்டு வேலையையும் கடன் தவணையையும் ஒன்றாகச் சமாளிக்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரியது.

எப்படித் தயாராவது?

இடம்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்திருந்தால் முதலில் அவற்றைப் பெறுங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பிரதேச செயலகத்தையும், அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரையும், கா.பொ.த. பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தையும் நாடலாம். பேசக்கூடிய அளவு சிங்களம் தெரிந்திருப்பது நல்லது. அம்பாறைப் பக்க வாடிக்கையாளரோடும் கொழும்புத் தலைமை அலுவலகத்தோடும் பேச அது உதவும். தொலைபேசி திருத்தும் பயிற்சியும் கைகொடுக்கும். பொருளைப் பற்றி விளக்கத் தெரிந்தவரை வாடிக்கையாளர் நம்புவார்.

சம்பளம் எப்படி அமைகிறது?

இந்த வேலையில் சம்பளம் இரண்டு பகுதி: நிலையான அடிப்படைச் சம்பளம், விற்பனைக்கு ஏற்பக் கிடைக்கும் கொமிஷன். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா.

உதாரணமாக, ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு (ஈ.பி.எப்.) 8 வீதம், அதாவது 2,400 ரூபா கழியும். கைக்கு வருவது 27,600 ரூபா. பஸ், பகல் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 300 ரூபா வீதம் 26 நாட்களுக்கு 7,800 ரூபா போனால், வீட்டுக்குத் தரக்கூடியது 19,800 ரூபாதான்.

கழிக்கப்படும் பணம் வீணாவதில்லை. தொழில் கொள்வோர் தன் பங்காக 12 வீதம் சேர்த்து உங்கள் பெயரில் வைப்பிலிட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கும் (ஈ.டி.எப்.) அவரே 3 வீதம் செலுத்த வேண்டும். பயிற்சிக் காலமானாலும் முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. கொமிஷனும் ஈ.பி.எப். கணக்கில் சேரும்.

கடன் தவணையை அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துத் தீர்மானியுங்கள். பெருநாள் மாதத்தில் விற்பனை கூடலாம், அடுத்த மாதம் குறையலாம். கிடைக்கும் கொமிஷனைச் சேமிப்பாக வையுங்கள்.

சேர முன் கேட்க வேண்டியவை

• அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? டார்கெட் எட்டாவிட்டாலும் அது முழுமையாகக் கிடைக்குமா?
• கொமிஷன் எந்தத் திகதியில் வழங்கப்படும்? வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்தால் அது கழிக்கப்படுமா?
• பெற்றோல், தொலைபேசிச் செலவு யாருடையது?
• வேலை நேரம் என்ன? கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு.

பதில்களை நியமனக் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். கடிதத்தையும் சம்பளத் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஈ.பி.எப். செலுத்தப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்தில் முறையிடலாம்.

வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவரிடமும், ஆள் சேர்த்தால் பணம் என்று சொல்பவரிடமும் கவனமாக இருங்கள். பிரமிட் முறைத் திட்டங்கள் இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. மீள்குடியேற்ற உதவியாகக் கிடைத்த பணத்தை அதில் இட வேண்டாம்.